மைல் சாரின் மஞ்சள் சீட்டு

செருப்புக் கடைக்கு மேல் முதல் மாடியில் இருக்கும் விமான டிக்கெட் அலுவலகத்தில், மைல் சார் இருபத்தேழு வருஷமாக முதல் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுதுவதெல்லாம் கிலோமீட்டர்தான். ஆனால் 'கிலோமீட்டர் சார்' என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் ஆள் படியிறங்கிப் போய்விடுவாரே! அதனால் தெருவுக்கே மைல் சார்.

உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையத்தைச் சொன்னாலும், நடுவில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுவார். சொன்னதோடு விட்டால் அவர் மைல் சார் இல்லை. மேசையிலிருக்கும் உலக உருண்டையை இழுத்து முன்னால் வைத்து, இழுப்பறையிலிருந்து ஒரு நூலை எடுத்து அளந்தும் காட்டுவார். நூல் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து வந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முடிச்சு. உருண்டையை முழுசாக ஒரு சுற்று சுற்றினால் நாற்பது முடிச்சு. கம்ப்யூட்டர் ஒரு தூரம் சொல்லி நூல் வேறு தூரம் சொன்னால், கம்ப்யூட்டரைத்தான் அணைத்துப் போடுவார்.

ஒருமுறை பல் டாக்டர் ஒருவர் சுவரிலிருந்த உலகப் படத்தைக் காட்டி, "நேரா இப்படிப் போறதை விட்டுட்டு விமானம் ஏன் சார் மேல ஏறி வளைஞ்சு வருது? பெட்ரோல் தண்டம்தானே?" என்று கேட்டார். மைல் சார் அந்தப் படத்தை ஒரு பார்வை பார்த்தார். "உருண்டையைத் தட்டையாக்கி சுவத்துல ஆணி அடிச்ச பாவத்துக்குத்தான் வளைவாத் தெரியுது. இங்க வாங்க" என்று நூலை டாக்டரின் கையிலேயே கொடுத்து, உருண்டையின் மேல் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். நூல் தானாக வடக்கே ஏறிப் போய் இறங்கியது. "கட்டைவிரலை எடுங்க டாக்டர், ஒரு தேசமே மறையுது" என்று வேறு சொன்னார். அன்றைக்கு வரிசையில் நின்றவர்கள் டிக்கெட்டை மறந்து ஆளுக்கொரு தடவை நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

இதையெல்லாம்விட அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது மஞ்சள் சீட்டு. டிக்கெட் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் உள்ளங்கை அகல மஞ்சள் தாளில், மை ஊற்றி எழுதும் பேனாவால், தன் கையாலேயே எழுதித் தருவார். எங்கிருந்து எங்கே, தூரம், பறக்கும் நேரம், காத்திருக்கும் நேரம், மொத்தம். கூடவே, சூரியன் எந்தப் பக்கம் அடிக்கும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நிழல் என்று ஒரு வரி. டிக்கெட்டைத் தொலைத்தவர்கள்கூட உண்டு, மஞ்சள் சீட்டைத் தொலைத்தவர் கிடையாது. இறங்கிய ஊரிலிருந்து போன் போட்டு, "சார், நீங்க எழுதினதுல மூணு நிமிஷம்தான் வித்தியாசம்!" என்று சொல்பவர்களும் இருந்தார்கள். "அந்த மூணு நிமிஷம் பைலட்டோட தப்பு" என்பார் இவர்.

எல்லாரும் என்ன நினைத்தார்கள்? இந்த மனுஷன் ஆகாயத்திலேயே குடித்தனம் நடத்தியவர் என்று நினைத்தார்கள். உண்மை என்னவென்றால், மைல் சார் பிறந்ததிலிருந்து விமானத்தில் ஏறினதே இல்லை.

பயம். வேறொன்றுமில்லை, சுத்தமான பயம். காலுக்குக் கீழே தரை இல்லை என்று நினைத்தாலே போதும், கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொள்வார். வீட்டில் பல்பு மாற்றுவது மனைவிதான். இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பார்த்து, பார்த்து" என்று தரையிலிருந்து மேற்பார்வை செய்வார். வீடு தரைத்தளம். அலுவலகம் முதல் மாடி என்பதால் இருபத்தேழு வருஷமும் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறினார். அந்தப் படிக்கட்டின் கைப்பிடி அவர் கை பட்ட இடத்தில் மட்டும் பளபளவென்று இருக்கும்.

டிக்கெட் விற்பவர்களை விமான கம்பெனிக்காரர்கள் அவ்வப்போது இலவசமாகக் கூட்டிப் போய் ஊர் காட்டுவார்கள். அந்த அழைப்பு வரும்போதெல்லாம் மைல் சார் வீட்டில் ஏதாவது நடந்துவிடும். ஒரு தடவை பல்வலி. ஒரு தடவை தண்ணீர்க் குழாய் வெடித்தது. அப்புறம் மனைவியின் சித்திகள் சாக ஆரம்பித்தார்கள். மூன்று சித்திகள் அடுத்தடுத்துப் போனார்கள். அலுவலகத்தின் முதலாளியம்மா இளகிய மனசுக்காரர். மூன்று தடவையும் லீவும் கொடுத்து, வீட்டில் சொல்லச் சொல்லி வருத்தமும் தெரிவித்தார். மனைவிக்குச் சித்தியே கிடையாது.

இந்த டிமிக்கியெல்லாம் ஊராரிடம் நடந்தது. சொந்த மகளிடம் நடக்குமா? ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரே மகள் கல்யாணமாகி, தூரதேசம் ஒன்றில் வேலைக்குப் போனாள். தூரம் எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிலோமீட்டர். நூலில் ஒன்பது முடிச்சுக்குக் கொஞ்சம் குறைச்சல். போய் இறங்கிய வாரமே, "அப்பா, நீங்களும் அம்மாவும் எப்ப வர்றீங்க?" என்று கேட்டாள்.

மைல் சார் மறுநாள் ஒரு மஞ்சள் சீட்டு எழுதி, படம் பிடித்து அவளுக்கு அனுப்பினார். ஒரு இடத்தில் மாற வேண்டும், மொத்தம் பதினேழு மணி நேரம். "இவ்ளோ நேரம் அம்மா கால் தாங்காதும்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்." அடுத்த வருஷம் பேத்தி பிறந்தபோது அம்மா தன் காலைப் பற்றி யாரையும் கேட்காமல் தனியாகக் கிளம்பிப் போய், மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தாள். இவருக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லையாம். அதற்கடுத்த வருஷம் சீட்டில் இருபத்திரண்டு மணி நேரம். அப்புறம் இருபத்தாறு. மகள் ஒவ்வொரு வருஷமும் கேட்டாள், இவரும் ஒவ்வொரு வருஷமும் எழுதினார்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவர் சாமர்த்தியம்! எழுதிய விமானம் அத்தனையும் நிஜம், நேரமும் நிஜம். ஒரு நிலையத்தில் ஆறு மணி நேரம் காத்திருந்து, மேற்கே போக வேண்டியவர் கிழக்கே போய், அங்கே ஒன்பது மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, திரும்பவும் வடக்கே ஏறி என்று, எந்த வாடிக்கையாளருக்கும் கனவிலும் எழுதித் தராத வழிகளைத் தேடிப் பிடித்து மகளுக்கு எழுதினார். இதற்காக மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மெனக்கெடுவார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மகள் இருக்கும் ஊருக்கு நேரடி விமானமே விட்டுவிட்டார்கள். பதினோரு மணி பத்து நிமிஷம், நடுவில் எங்கும் இறங்க வேண்டியதில்லை. அதில் இதுவரை நூற்றுக்கணக்கான பேரை ஏற்றி அனுப்பிவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை.

இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் கூப்பிட்டாள். போன் திரையில் ஐந்து வயசுப் பேத்தி வந்து நாக்கை நீட்டிவிட்டு ஓடிப் போனாள். மகள், "அப்பா, இந்தத் தடவை கேட்கிறேன். வரலைன்னா இனிமே கேட்க மாட்டேன்" என்றாள்.

கத்தியிருந்தால் இவரும் பதிலுக்குக் கத்தி ஒப்பேற்றியிருப்பார். அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்தியிருக்கலாம். காய்கறி விலை சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் இவருக்கு என்னவோ செய்தது. இருந்தாலும் புத்தி போகுமா? மறுநாள் சீட்டு எழுதினார். மூன்று இடத்தில் மாற வேண்டும், மொத்தம் முப்பத்தொரு மணி நாற்பது நிமிஷம். மகளிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. "சரிப்பா." அந்த ஒரு வார்த்தையைத் திறந்து திறந்து பார்த்தார். இனி அவள் கேட்கவே மாட்டாள் என்பது, சட்டையில் ஒட்டிய முள் மாதிரி நாள் பூராவும் உறுத்திக்கொண்டிருந்தது.

அதற்கு நாலாம் நாள் காலை, அலுவலகத்தில் நல்ல கூட்டம். வருகிறவர்கள் வாசலில் டோக்கன் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டும். மைல் சார் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே, "பதினாலு" என்று கூப்பிட்டார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கம்மா, எங்க போகணும்?"

"என் பொண்ணு வீட்டுக்கு."

மைல் சார் நிமிர்ந்தார். எதிரே மனைவி. கையில் டோக்கன், மடியில் கைப்பை, முகத்தில் துளி சிரிப்பில்லை.

"நீ எங்க இங்க?" என்றார் குரலைத் தாழ்த்தி. "வீட்டுல பேசிக்கலாமே?"

"வீட்டுல நீங்க புருஷன். இங்கதான் மைல் சார். எனக்கு மைல் சார்தான் வேணும். நாப்பது நிமிஷம் பெஞ்சுல உக்காந்துட்டு வந்திருக்கேன். எழுதுங்க. இங்கேருந்து என் பொண்ணு இருக்கிற ஊர். தூரம் எவ்ளோ?"

பின்னால் பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மைல் சார் பேனாவை மூடினார். "எட்டாயிரத்து தொள்ளாயிரத்து நாப்பது" என்றார்.

"நேரம்?"

அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். இருபத்தேழு வருஷத்தில் அந்த மேசையில் உட்கார்ந்து அவர் ஒரு தப்பு நேரம் சொன்னதில்லை. படம் பிடித்து அனுப்பிய சீட்டு வேறு. டோக்கன் எடுத்து வந்து எதிரே உட்கார்ந்த மனுஷிக்கு எழுதும் சீட்டு வேறு. "அது வந்து... எந்த வழியாப் போறோங்கறதைப் பொறுத்து..."

மனைவி கைப்பையைத் திறந்து ஒரு மஞ்சள் சீட்டை மேசையில் வைத்தாள். "இது நீங்க இந்த வாரம் எழுதினது. வீட்டுல பிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சீங்களே, அது. முப்பத்தொரு மணி நாப்பது நிமிஷம்." இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். "இதுவும் நீங்க எழுதினதுதான். நம்ம தையல்காரம்மா போன மாசம் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வந்தாங்களே, அவங்களுக்கு. அதே ஊரு. பதினோரு மணி பத்து நிமிஷம். நேத்து ஜன்னல் திரை தைச்சுக் கொண்டாந்தவங்க, அளவு டேப்போட இதையும் எடுத்துக் காட்டி, 'உங்க வீட்டுக்காரர் கையெழுத்து முத்து மாதிரி இருக்கு'ன்னு பெருமைப்பட்டாங்க."

மைல் சாருக்குப் பேய் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஆயிரம் ஊருக்கு வழி தெரிந்த மனுஷனுக்கு, தையல்காரம்மாவின் கடையிலிருந்து தன் வீட்டு ஜன்னலுக்கு ஒரு வழி இருப்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

"ரெண்டுலயும் தூரம் ஒண்ணுதான்" என்றாள் மனைவி. "நேரம் மட்டும் எப்படிங்க குட்டி போட்டுச்சு?"

பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்து இரண்டு சீட்டையும் எட்டிப் பார்த்தார். "பதினோரு மணியைப் போடுங்கம்மா, அதுதான் நல்லது" என்று யாரும் கேட்காமலே யோசனை சொன்னார்.

சத்தம் கேட்டு முதலாளியம்மா உள்ளறையிலிருந்து வந்தார். மைல் சாரின் மனைவியைக் கண்டதும் அவர் முகம் இரக்கத்தால் உருகியது. "வாங்கம்மா, வாங்க. நேர்ல வந்து துக்கம் கேக்கக்கூட முடியலை. பாவம், உங்க சித்திங்க மூணு பேரும் அப்படி அடுத்தடுத்து..."

"எந்தச் சித்தி?" என்றாள் மனைவி.

முதலாளியம்மா மைல் சாரைப் பார்த்தார். மனைவியும் மைல் சாரைப் பார்த்தாள். பெஞ்சிலிருந்த ஏழு பேரும் பார்த்தார்கள். மைல் சார் உலக உருண்டையைப் பார்த்தார். ஒளிந்துகொள்ள அதில் எத்தனையோ இடம் இருந்தது, ஒன்றுக்கும் இப்போது விமானம் இல்லை.

"பயம்" என்றார்.

"என்னது?" என்றாள் மனைவி.

"பயமா இருக்கு. ஏறினா கீழ ஒண்ணும் இருக்காதுல்ல? அதான். நான் இதுவரைக்கும் ஏறினதே இல்ல." சொல்லி முடித்ததும் அவர் முகம் சிவந்துபோயிற்று. பெஞ்சில் ஒருத்தர் களுக்கென்று சிரித்தார், பெரியவர் திரும்பி முறைத்ததும் அடங்கினார்.

மனைவி இரண்டு சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "பயம்னா பயம்னு சொல்லிட்டுப் போறது. அதுக்கு மூணு ஊரை எதுக்குங்க நடுவுல கொண்டாந்து வெச்சீங்க? நான் வேற, தனியாப் போயிட்டு வந்தும், என் காலு சரியில்லாமத்தான் நீங்க வரலைன்னு ஆறு வருஷமா காலுக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டு இருக்கேன்." அப்புறம் குரல் தணிந்தது. "உங்க பேத்தி அவ அம்மாகிட்ட என்ன கேட்டாளாம் தெரியுமா? தாத்தாவுக்கு என்னைப் பிடிக்காதான்னு. மக என்கிட்ட சொல்லி அழுதா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னா. நான் சொல்லிட்டேன். இப்ப டிக்கெட் ஒண்ணா, ரெண்டா? உங்களைக் கட்டி இழுத்துட்டுப் போக மாட்டேன். எழுதுங்க."

மைல் சார் ஒரு புதுச் சீட்டை உருவினார். தூரம் எழுதினார். பறக்கும் நேரம் 11 மணி 10 நிமிஷம் என்று எழுதினார். காத்திருக்கும் நேரம், ஒன்றுமில்லை. எழுத்து கோணல்மாணலாக வந்தது. "நிழல் வேணும்னா வலது பக்கம்" என்று கடைசி வரியையும் பழக்க தோஷத்தில் எழுதிவிட்டு, "ரெண்டு" என்றார்.

பெஞ்சிலிருந்து கைதட்டல் கேட்டது. பெரியவர்தான் முதலில் தட்டினார்.

விமானம் காலை ஒன்பது இருபத்தைந்துக்கு. மைல் சார் ஐந்து மணிக்கே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பேனாவில் மை நிரப்பி, அதையும் நூலையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நூல் எதுக்கு?" என்று மனைவி கேட்டாள். "இருக்கட்டும்" என்றார். விமானத்துக்குள் நுழையும் இடத்தில், கதவுக்கும் நடந்து வரும் பாதைக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஒரு இடுக்கு இருக்கும். அதன் வழியாகத் தரை தெரியும். மைல் சார் அதைப் பார்த்துவிட்டார். பின்னால் அறுபது பேர் பெட்டியோடு நிற்க, ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். மனைவி முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். அந்த இடுக்கைத் தாண்டியது அப்படித்தான்.

உட்கார்ந்ததும் பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார். பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "மைல் சார்தானே? எனக்குக்கூட நீங்கதான் சீட்டு எழுதினீங்க! இது உங்களுக்கு எத்தனாவது தடவை சார்?" என்று கேட்டது.

"கணக்கு வெச்சுக்கறது இல்ல" என்றார் மைல் சார். மனைவி அவர் பெல்ட்டைக் க்ளிக்கென்று மாட்டிவிட்டாள்.

விமானம் ஓட ஆரம்பித்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மனைவியின் கையைக் குரங்குப் பிடியாகப் பிடித்தார். வாய் தன்பாட்டுக்கு முணுமுணுத்தது. "ஆறாயிரத்து முந்நூத்துப் பத்து... நாலாயிரத்து எண்ணூத்து அஞ்சு... பத்தாயிரத்து இருநூறு..." தனக்குத் தெரிந்த தூரமெல்லாம் வரிசையாக வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் இது ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

சக்கரம் தரையை விட்டது. அவர் எதிர்பார்த்த மாதிரி உலகம் முடிந்துவிடவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்தார். எதிரே சின்னத் திரை. அதில் போக வேண்டிய தூரம், போக வேண்டிய நேரம் இரண்டும் நிமிஷத்துக்கு நிமிஷம் குறைந்துகொண்டிருந்தன. விமானம் போன பாதை வளைந்து வடக்கே ஏறியது. இன்னொரு கண்ணும் திறந்தது.

"பார்த்தியா, நூல் போன மாதிரியே போகுது!" என்று மனைவியைக் குலுக்கினார். அவள் தூங்கியிருந்தாள். உடனே பக்கத்து இருக்கைக்காரரைப் பிடித்துக்கொண்டார். உருண்டை ஏன் உருண்டை, எதிர்க்காற்று எவ்வளவு நேரம் தின்னும் என்று வெளுத்து வாங்கினார். நடுவில் விமானம் குலுங்கியபோதெல்லாம் பேச்சை நிறுத்தி, கண்ணை மூடி, இரண்டு தூரத்தைச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்த மனுஷர் எழுந்து போகவும் வழியில்லை, அவர் ஜன்னல் பக்கம்.

பறக்க ஆரம்பித்து ஒன்பது மணி நேரம் ஆனபோது விமானி, பின்காற்று கிடைத்ததால் பன்னிரண்டு நிமிஷம் முன்னாலேயே இறங்குவோம் என்று அறிவித்தார். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். மைல் சாருக்கு மட்டும் ரோஷம் வந்துவிட்டது. பின் வரிசைக் குரல், "சார், உங்க சீட்டு தப்பாப் போச்சே!" என்று சீண்டியது. ஆனால் ஊருக்கு மேலே போனபிறகு தரையில் இடமில்லை என்று விமானத்தைப் பன்னிரண்டு நிமிஷம் வட்டமடிக்க விட்டார்கள். சாய்ந்து சாய்ந்து சுற்றியதில் மைல் சார் உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. சக்கரம் தரையைத் தொட்ட நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு மணி பத்து நிமிஷம்" என்றார் வெளிறிய உதட்டோடு. "சொன்னேன்ல?"

அப்போதுதான் மனைவி அவர் சட்டையைப் பார்த்தாள். மேலே ஏறினால் மை ஊற்றும் பேனா கக்கிவிடும் என்பது ஆகாயத்துக்கு அடிக்கடி போய்வரும் யாருக்கும் தெரிந்த விஷயம். பேனாவிலிருந்த மையெல்லாம் வெளியே வந்து, வெள்ளைச் சட்டையில் நெஞ்சு பூராவும் நீலம் பரவியிருந்தது. "இருபத்தேழு வருஷம் ஆகாயத்தைக் கரைச்சுக் குடிச்சவரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த ஊர்க் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி, மத்தியானம் மூன்றே முக்கால் சொன்னது. பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம், வருகிறவர்களின் பெயரை எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் நின்றது. அதற்கு நடுவில் ஒரு பெரிய மஞ்சள் அட்டை. ஒரு பக்கம் மகள் பிடித்திருந்தாள், கீழ் முனையைப் பேத்தி பிடித்திருந்தாள். மைல் சார் பத்தடி தூரத்தில் நின்று அதை வாசித்தார்.

எங்கிருந்து: அப்பா வீடு. எங்கே: என் வீடு. தூரம்: 8,940 கிலோமீட்டர். பறக்கும் நேரம்: 11 மணி 10 நிமிஷம். காத்திருக்கும் நேரம்: 6 வருஷம் 2 மாதம்.

மொத்தம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

மைல் சார் இன்னொரு தடவை மேலிருந்து கீழ் வரைக்கும் வாசித்தார். யார் எழுதிய சீட்டிலும் ஒரு குறையாவது கண்டுபிடிக்கிறவர். இதில் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. கண் கலங்கி எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

"மொத்தம் நீங்க போடுங்கப்பா" என்றாள் மகள். "கூட்டல் உங்களுக்குத்தான் சரியா வரும்."

அவர் பழக்கமாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். விரலெல்லாம் நீலமாக வந்தது. "பேனாவுல மையில்லம்மா" என்றார். அப்புறம் வேறு வழியில்லாமல் அதைச் சொன்னார். "எனக்குப் பயமா இருந்துச்சும்மா. அதான் வரலை. வேற ஒண்ணுமில்ல, சத்தியமா. மன்னிச்சுக்கோ."

"தெரியும்பா."

"எப்பலேருந்து?"

"மூணாவது சீட்டுலேருந்து. ஒருத்தரை ஒன்பது மணி நேரம் பெஞ்சுல உக்கார வெச்சு எழுதற ஆளா நீங்க? யாருக்காவது அப்படி எழுதியிருக்கீங்களா?"

"தெரிஞ்சா ஏன்மா சொல்லலை?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்று மகள் அட்டையில் ஐந்தாவது வரியைக் காட்டினாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள், அவள் கன்னத்திலும் நீலம் ஒட்டிக்கொண்டது.

கீழே பேத்தி அவர் சட்டையை இழுத்தாள். போனில் பார்த்த முகம்தான், ஆனாலும் ஒரு சந்தேகம். "நீங்கதான் மைல் தாத்தாவா?"

"ஆமா கண்ணு."

"உங்களுக்கு என்னைப் பிடிக்குமா?"

மைல் சார் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். "எட்டாயிரத்து தொள்ளாயிரத்து நாப்பது கிலோமீட்டர் பிடிக்கும்" என்றார்.

அது அதிகமா குறைச்சலா என்று பேத்தி யோசித்தாள். அதிகம்தான் போலிருக்கிறது என்று முடிவு செய்து, அவர் நீல விரலைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கேள்வி தயாராக இருந்தது. "எப்ப திரும்பிப் போவீங்க?"

மைல் சார் மனைவியை ஒரு தடவை பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அதுதான் கண்ணு கஷ்டம். வர்றதுக்குத்தான் நேரா விமானம். திரும்பிப் போறதுக்குக் கிடையாது. நாலு இடத்துல மாறணும். ஒரு இடத்துல பதினாலு மணி நேரம் பெஞ்சுல உக்காரணும். மொத்தம் அம்பத்திரண்டு மணி நேரம் ஆகும். எங்க முடியுது?"

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெட்டியின் பிடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

"ஆமாமா" என்றாள். "நான்கூட சீட்டைப் பார்த்தேன்."